எனக்கு முன் அழைத்தவர்

ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா
நவம்பர் 11, 1985

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். நேற்று கையில் காபியைக் கொட்டிக்கொண்டேன். சின்னக் கொப்புளம்தான், கவலைப்படாதே.

ஊர் நண்பர்கள் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து அழைத்துக் குறிப்பு எழுதிப் படிக்க நம் வீட்டில் அப்பா தொலைபேசியில் இணைத்துவைத்தாரே, அந்தக் கம்ப்யூட்டரை என் கம்ப்யூட்டரிலிருந்து ஞாயிறுதோறும் அழைக்கிறேன். திரையில் அவர் எழுதிய வரவேற்பு வரும். கீழே, எனக்கு முன் அழைத்தவர் பெயர். அவர் இறந்தபின் வேறு யாரும் அழைப்பதில்லை. எப்போதும் என் பெயரே இருக்கும். "செத்த மனுஷன் மெஷினுக்குப் போன் போட்டு என்னத்தடா கண்ட?" என்பான் அறைத்தோழன் ஆர்வில்.

நேற்று அங்கே 'எல்மர் ஹாகன்' என்று அப்பாவின் பெயர் இருந்தது. அப்போதுதான் காபி கொட்டியது. உள்ளே ஒரு குறிப்பு: "கர்ட்டிஸ், கையுறை போட்டுக்கோ. நீ கூப்பிட்டா இந்த மெஷின் கீச்சுன்னு கத்துது. அப்பத்தான் வீட்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்குடா."

மெஷின் பெயர் கேட்டதும் நீ அவர் பெயரைத் தட்டியிருக்கிறாய். உன் பெயரையே கொடுக்கலாம், அம்மா.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. அந்த மெஷினின் தொலைபேசி வயரைப் பிடுங்கிவிடாதே. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் அவர் பெயரையே தட்டு.

கர்ட்டிஸ்