முகத்துவாரம் மூடும் முன்

மாசி 3
மழை விட்டு நல்ல வெயில். சீமெந்துப் படகின் உட்பக்கம் முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். எங்கும் கணீர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும் ஒரு சாண் இடம் பொத்தென்றது. உள்ளே கம்பி வலை கறள், துரு ஏறிவிட்டது. கொத்தியெடுத்துத் திரும்பப் பூச வேண்டும். வேலைக்காலம் முழுக்கத் துபாயில் கட்டடம் சோதித்து ஊரார் சுவரில் பிழை பிடித்தவளுக்கு இப்போது மிதக்கிற சுவர் ஒன்று சொந்தம்.

வாங்க: சீமெந்து, அரித்த மணல், நங்கூரச் சங்கிலிக்குக் கொளுவி, அம்மாவுக்குத் தடித்த மெத்தை.

மாசி 4
அம்மா தேற்றாத்தீவிலிருந்து போன். என் தம்பி வீட்டில்தான் இருக்கிறார்.
"சீமெந்து தாழாதா புள்ள?"
"இரும்புக் கப்பல் தாழுதா?"
"அது கப்பல்."
வைத்துவிட்டார்.

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. எனக்கு வீடு கட்ட அம்மா எழுதித் தந்த நாவற்குடாக் காணியை விற்றுத்தான் இதை வாங்கினேன். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. பெற்றவள் கடைசிவரை மகள் வீட்டில். ஆகவே அம்மாவின் வீடும் இதுதான். பாய் மடிக்கவும் காற்றுப் பார்க்கவும் துபாயில் வெள்ளிக்கிழமைகளில் பழகினேன். அம்மாவைப் பழக்குவதுதான் பாடு.

மாசி 6
பூச்சு காய்கிறது. அம்மாவின் கட்டிலுக்கு உருளாமல் சட்டம் அடித்தாயிற்று. கைபிடிகளை அவர் தோளுயரத்துக்கு இறக்கினேன். சும்மா ஒருமுறை படுத்தும் பார்த்தேன். சந்தோஷம்.

எஞ்சின் பார்க்கிற ரமீஸ், ஓட்டமாவடி ஆள், நான் கடலுக்கு வெளிக்கிட்டால் திருகோணமலை வரை கூட வருகிறவன், வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "மண் சேருது அக்கா. நம்மட படகுக்கு அஞ்சடித் தண்ணி வேணும். இந்தக் கிழமை வெளிக்கிடாட்டி அடுத்த மாரி வரைக்கும் வாவிக்குள்ளதான்."
பார்ப்பம் என்றேன். அம்மா முதலில் தங்கிப் பழகட்டும். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது.

மாசி 8
அம்மா வந்தார்! நானும் ரமீஸும் ஆளுக்கொரு கை பிடித்து ஏற்றினோம். அடுப்பு, அலமாரி, கக்கூஸ், எல்லாம் திறந்து பார்த்தார். மெத்தையை அமத்திப் பார்த்தார். "நல்லாத்தான் இரிக்கி."
பிறகு என்னைக் கேட்கவில்லை, அவனைக் கேட்டார். "தம்பி, முகத்துவாரம் எப்ப மூடும்?"
அவன் என் முகத்தைப் பார்த்தான். "நாலஞ்சு நாள்ள, அம்மா."
"நான் இஞ்ச வந்தா இவ கரையிலதான் நிப்பா." என் பக்கம் திரும்பினார். "நான் உன்ட தம்பியோட இருக்கன். நீ போ."
கத்திவிட்டேன். உங்களையும் வைத்துத்தானே காணியை விற்றேன், ஊர் என்ன சொல்லும் என்றேன். ஊரைப் பற்றி நானே பேசினேன்!
"காணி உனக்குத் தந்தது புள்ள. என்னக் காவலுக்கு வச்சித் தரல்ல."
பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து அழுதேன். அம்மா சொன்னதில் பிழை ஒன்றும் பிடிக்க முடியவில்லை.

மாசி 10
தெளிந்த வானம், காற்று லேசு. ரமீஸ் கம்பு விட்டு ஆழம் பார்த்தான். போதும், மட்டுமட்டாக. நாளை விடிய வெளிக்கிடுகிறோம்.
அம்மாவுக்கு நேரம் சொல்லவில்லை. சொன்னால் கரையில் வந்து நிற்பார். நின்றால் நான் போகமாட்டேன்.