எண்ணெய்த் தலைப் படம்

அம்மா, நேற்று மாலை நாலு பதினேழுக்குச் செய்தி வந்தது. மீனா வரைந்த குற்றாலப் படங்களைப் புத்தகமாகப் போட இணையத்தில் கேட்ட பணம் முழுசாகச் சேர்ந்துவிட்டது. நான் சௌக்கியம். உங்கள் கால்வலி தேவலையா?

அவள் தம்பி குமரகுருதான் போனில் சொன்னான். "அத்தான், குடுத்தவங்க எல்லாரும் அக்காவப் பத்தி எழுதுதாவ, பாத்தீயளா?"

பார்த்தேன். 'எங்கள் மீனா' என்று எழுதுகிறார்கள். ஒருவர்கூட அவளை நேரில் பார்த்ததில்லை. அவள் கண்மூடிய இந்த எட்டு மாதத்தில் நான் அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு வயிறெரிகிறது அம்மா.

தப்பு என்னுடையதுதான். பெரிய தொகை கொடுப்பவர்களுக்கு அவள் கையால் வரைந்த அசல் படமே பரிசு என்று அந்த இணையப் பக்கத்தில் போட்டவன் நான். அப்போதுதான் ஆள் வரும் என்று கணக்குப் போட்டேன். இப்போது நாற்பது படமும் யார் யார் வீட்டுச் சுவருக்கோ போகிறது.

ஒரு வேலை செய்யுங்கள். குமரகுரு ஞாயிற்றுக்கிழமை படங்களை எடுக்க வருவான். அதற்குள், ஐந்தருவியில் நான் தலை நிறைய எண்ணெயோடு குளிக்க வரிசையில் நிற்கிற படத்தை பெட்டியில் உங்கள் சேலைகளுக்கு அடியில் வைத்துவிடுங்கள். "இந்த மூஞ்சிய யாரு காசு குடுத்து வாங்குவா?" என்று அவள் சிரித்தாளே, அது. பணம் கொடுத்த புனேக்காரர் ஒருவர் அதைத்தான் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கடையநல்லூர் அஹ்சன் இங்கே தோஹாவிலிருந்து இன்று லீவில் கிளம்புகிறான், வாசலில் நிற்கிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் திரும்பும்போது கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் யார் என்ன எழுதினாலும் மணி அடிக்கும்படி நான்தான் போனில் வைத்திருந்தேன். இதை எழுதுவதற்குள் ஆறு தடவை அடித்துவிட்டது. போனை அணைத்துவிட்டேன்.

தாணுமாலயன்