நகல்: கோப்புக்கு

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். உன் நலத்தை உன் அண்ணி தினமும் விசாரிக்கிறாள், பதில்தான் வருவதில்லை.

நேற்றுக் கூட்டத்தில் தலைவர் சொன்னதை நீயும் கேட்டாய். நான் மேடைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குழு உறுப்பினர், நீ இயக்குநர், இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஆகவே கலை மையத்தைப் பற்றி நாம் வீட்டிலும் போனிலும் பேசக் கூடாதாம். கடிதம் மட்டும்தான், ஒவ்வொன்றின் நகலும் கோப்பில் இருக்க வேண்டுமாம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் இடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன்னை 'நீங்கள்' என்று எழுத என் கை வராது. கோப்பு பொறுத்துக்கொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமையும் பெரிய அரங்கைத் திறக்க நீ கொண்டுவரும் தீர்மானத்தை எதிர்க்கப்போகிறேன். மேடைக்கு மேலே முப்பத்தெட்டு இரும்புக் குழாய்கள் தொங்குகின்றன. திரை, விளக்கு, செட் எல்லாம் அவற்றில்தான். முப்பத்தோரு வருடம் திங்கள்தோறும் அரங்கைப் பூட்டி, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, கம்பிவடத்தைக் கையால் தடவிப் பார்த்தோம். யார் தலையிலும் எதுவும் விழாதது அதனால்தான். ஓய்வு பெற்ற அன்று அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். பத்து நிமிடம் பின்னால் ஓடுகிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
நகல்: கோப்புக்கு


ஜனவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணி விசாரித்ததைக் கோப்புப் பிரிவு அம்மா என்னிடம் சத்தமாகவே படித்துக் காட்டினார். "மேடம், இந்த ஞாயித்துக்கிழமையாவது அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன், பாவம் அந்தம்மா" என்றார். தயவுசெய்து வீட்டு விஷயத்தைப் போனில் சொல்லுங்கள்.

முடிதிருத்துபவர்கள், கடைச் சிப்பந்திகள், வார இறுதியில் வேலை செய்கிற எத்தனையோ பேருக்கு லீவு திங்கட்கிழமைதான். அவர்களும் வரி கட்டுகிறார்கள். நம் கதவைப் பூட்டிய கதவாகவே பார்த்திருக்கிறார்கள். எங்கள் தெருமுனைச் சலூன்காரர் கேட்டார்: "இருபது வருஷமா அந்த வாசல்ல நின்னு பஸ் ஏறுறேன், உள்ள என்னதாம்மா இருக்கு?"

குழாய்களைத் திங்கள் காலை ஆறு மணிக்கே பார்க்க ஆரம்பிப்போம். ஆளும் கூடுதலாகப் போடுகிறேன். நிகழ்ச்சி பத்தரைக்கு. நீங்கள் எதிர்ப்பீர்கள், தெரியும். தீர்மானம் நிறைவேறும், அதுவும் தெரியும்.

அன்புடன்,
தங்கை
நகல்: கோப்புக்கு


பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

நிறைவேறிவிட்டது. பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள், நான் ஒருவன் தூக்கவில்லை. தோற்றதில் வருத்தமில்லை. ஆனால் நீ அனுப்பிய மினிட்ஸில் 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று இருக்கிறது. நான் என்ன அந்த அறையில் நாற்காலியா? விதி ஒன்பதின்படி எதிர்ப்பையும் அதன் காரணத்தையும் எழுத வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான். ஆனால் மையத்தின் விதிப்புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்திருக்கிறேன்.

உன் பதவிக்காலம் ஜூனில் முடிகிறது, அதை நீட்டிக்கும்போது மினிட்ஸில் இப்படி ஒரு எதிர்ப்பு இருந்தால் உறுத்தும் என்று தலைவர் என் காதில் ஓதினார். உறுத்தட்டும். திருத்து.

நீ வந்துவிட்டுப் போன பிறகு உன் அண்ணி இரண்டு நாள் என்னைத் திட்டவே இல்லை. இதுவும் கோப்புக்கு.

உன் அண்ணன்
நகல்: கோப்புக்கு


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருத்திவிட்டேன். பழைய படிவத்தில் இருந்த சொல் அப்படியே வந்துவிட்டது. தவறு என்னுடையது. உங்கள் காரணத்தை நானே டைப் செய்தேன்: 'முப்பத்தெட்டையும் பார்த்து முடிக்காமல் கதவைத் திறக்கும் நாள் ஒன்று வரும்.'

எதிர்ப்பை வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உங்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது!

தங்கை
நகல்: கோப்புக்கு


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாளிதழில் பார்த்திருப்பீர்கள். அதில் வராததை எழுதுகிறேன்.

திங்கள் காலை பத்து மணிக்கு மேடைக்குப் போனேன். இருபத்தொன்பது குழாய்தான் பார்த்து முடித்திருந்தார்கள். "மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம் மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார் மேடை மேலாளர். வெளியே தொள்ளாயிரம் பேர். நான் டைப் செய்த அந்த வரி கண் முன்னால் வந்து நின்றது. ஒரு கதவையும் திறக்க வேண்டாம் என்றேன். மீதியையும் இறக்கிப் பார்த்தபோது முப்பத்துமூன்றாவது குழாயின் வடத்தில் இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்றன.

வாசலில் ஒரு நாற்காலி மேல் ஏறி நடந்ததைச் சொல்லி, நிகழ்ச்சியை ரத்து செய்தேன். கூட்டத்திலிருந்து சலூன்காரர் கத்தினார்: "பரவால்லம்மா, இருபது வருஷம் நின்னவன் இன்னும் ஒரு வாரம் நிக்க மாட்டேனா!" எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. "மையத்தோட மானமே போச்சு" என்கிறார். என் பதவிக்காலத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று மே 12 கூட்டம் முடிவு செய்யும். எனக்கு எதிராக வைக்கப்போகும் முதல் ஆதாரம் உங்கள் எதிர்ப்புதானாம். உறவினர் என்பதால் நீங்கள் அப்போது அறையில் இருக்க முடியாது.

உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. திங்கட்கிழமையை விடவும் மாட்டேன்.

தங்கை
நகல்: கோப்புக்கு


மே 9

அன்புள்ள தங்கைக்கு,

இத்துடன் என் ராஜினாமா. பதறாதே, கோபத்தில் எழுதியது இல்லை.

தலைவர் போன் செய்தார். "உங்க எதிர்ப்பு ஒண்ணே போதும். நீங்க வராந்தால உக்காந்து நிம்மதியா காபி குடிங்க" என்றார். நான் அடம்பிடித்து எழுத வைத்த வரியால் உன்னை வெட்டுவார்கள், நான் காபி குடிக்க வேண்டுமாம்.

விதி பதினான்கைப் படித்தேன். கூட்டத்துக்குப் பொதுமக்கள் யாரும் வரலாம், மூன்று நிமிடம் பேசலாம். உறவு இருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான். வெளியே போக வேண்டியவன் உறுப்பினர் மட்டுமே. ஆகவே உறுப்பினர் பதவியே வேண்டாம்.

என்ன பேசப்போகிறேன் என்று இங்கே எழுத மாட்டேன். எல்லாம் உனக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைக்காதே.

உன் அண்ணன்
நகல்: கோப்புக்கு


மே 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழுக்கு ஐந்து. இன்னும் நான்கு வருடம் இதே நாற்காலி.

பொதுமக்கள் பேசியதை மினிட்ஸில் சேர்க்கும் முன் பேசியவரிடம் காட்ட வேண்டும். நீங்கள் பேசியபடியே எழுதியிருக்கிறேன். பார்த்துத் திருத்தி அனுப்புங்கள்.

"நான் இயக்குநரோட அண்ணன். அதை மொதல்ல எழுதிக்குங்க. திங்கக்கிழமை திறந்தது தப்பு. நாளைக்குக் கேட்டாலும் தப்புன்னுதான் சொல்லுவேன். ஆனா இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மந்திரி வந்த ஷோ. திரை தூக்கறதுக்கு முன்னாடி பன்னிரண்டாவது குழாய் வடத்துல இழை அறுந்திருந்ததை நான் பாத்தேன். மந்திரி வந்து உக்காந்துட்டாரு, எப்படி நிறுத்தறதுன்னு வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு மணி நேரம் அதுக்குக் கீழ பொண்ணுங்க ஆடினாங்க. விழல. அது என் தெறமை இல்ல. மறுநாள் வடத்தை மாத்திட்டு யார்கிட்டயும் சொல்லல. இந்தம்மா தொள்ளாயிரம் பேரை வாசல்ல வச்சுக்கிட்டு நிறுத்துச்சு. என் எதிர்ப்பைத் தூக்கி அது தலையில போடாதீங்க. மணி ஆயிடுச்சா? சரி."

இத்தனை வருடம் என்னிடம்கூடச் சொல்லவில்லையே.

தங்கை
நகல்: கோப்புக்கு


மே 18

அன்புள்ள தங்கைக்கு,

ஒரே ஒரு திருத்தம். பன்னிரண்டாவது குழாய் இல்லை, பதினொன்று. வாய் தவறிவிட்டது. மாற்றிவிடு.

பொண்ணுங்க என்பதை அப்படியே விட்டுவிடு, வேறு எதையும் சேர்க்காதே. அன்றைக்கு நீ எங்கே நின்று ஆடினாய் என்பது உனக்கு மறந்திருக்கலாம். முன்வரிசை, இடது ஓரம். பதினோராவது குழாய்க்கு நேர் கீழே.

நான் இப்போது எதிலும் உறுப்பினர் இல்லை. போனில் பேசலாம், வீட்டில் பேசலாம், தலைவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிறு வா. திங்கட்கிழமையைப் பற்றிப் போட வேண்டிய சண்டை அப்படியே இருக்கிறது.

உன் அண்ணன்
நகல்: யாருக்கும் இல்லை