கத்திக்கடியில் ஒரு குறட்டை

மார்ச் 4
இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டியது போல இருக்கிறது. பக்கவாதம் வந்து ஐந்து வாரம். இருபத்தாறு வருஷம் ஊரார் கழுத்தில் கத்தி வைத்த வலது கை, மடியில் சும்மா கிடக்கிறது. நான் சவரம் செய்யும்போதே குறட்டை விடுவார்கள் என் வாடிக்கைக்காரர்கள். அவ்வளவு நம்பிக்கை!

மனைவியின் தம்பி வந்தான். சலூனை வேறு ஆளுக்கு விட்டுவிடலாமே என்று மெல்ல ஆரம்பித்தான். சுள்ளென்று ஏறியது. "என் நாற்காலிக்குப் பின்னாடி வேற எவனும் நிக்கக்கூடாது" என்றேன். வாய் கோணியிருந்ததால் பாதிதான் புரிந்திருக்கும்.

மார்ச் 19
விரல்கள் லேசாக அசைகின்றன. பிசியோதெரபி கொடுக்கும் பெண் என் நல்ல கைக்குத் தடித்த உறை மாட்டிவிட்டாள். தினமும் மூன்று மணி நேரம் எல்லா வேலையையும் சோம்பேறிக் கைதான் செய்ய வேண்டுமாம்.

மார்ச் 21
பசி தாங்காமல் உறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டேன். மனைவி கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். "யாரை ஏமாத்துறீங்க?" என்று மட்டும் கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

ஏப்ரல் 12
டம்ளரைத் தூக்கினேன். பாதி சட்டைக்கு, பாதி எனக்கு.

மே 2
தொழில் பழகிய காலத்தில் முதலாளி பலூனைத்தான் கொடுப்பார். நுரை பூசி, கத்தியால் வழிக்க வேண்டும். வரிசையாகப் பத்து வெடிக்காமல் தப்பினால்தான் மனிதக் கன்னம். பிசியோ பெண்ணிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அதையே பயிற்சியில் சேர்த்துவிட்டாள். மனைவி ஏழு பலூன் ஊதினாள். ஏழும் டமார். கூரையெல்லாம் நுரை.

மே 23
ஒன்று பிழைத்தது.

ஜூலை 6
பத்து! வரிசையாகப் பத்து! கடைசி பலூனைக் கட்டிக்கொண்டு அழுதேன். நல்ல வேளை, இந்தக் கூத்தை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மனைவி பார்த்திருக்கிறாள். தம்பிக்கு போன் போட்டும் சொல்லிவிட்டாள்.

ஜூலை 10
கடையைத் திறந்தேன். முதல் ஆளாக மச்சான் வந்து உட்கார்ந்தான். முகத்தில் நாலு நாள் தாடி.

"மாமா, நான் ரெண்டு பிள்ளைக்கு அப்பன். பார்த்துப் பண்ணுங்க."

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். எனக்கு மட்டும் பயமில்லையா? ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னமும் முடிந்தது. தாடைக்குக் கீழே போகும்போது கை நடுங்கியது — கத்தியை எடுத்துவிட்டேன். மூச்சு விட்டேன். மறுபடி வைத்தேன். வலது கைதான். கழுத்தில் பாதி வழித்திருப்பேன், ஏதோ சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன்.

பயல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.