வடித்த எண்ணெய்

நேற்று நீங்கள் பாப்பாவை மலைமேல் இருக்கும் ஹாஸ்டலிலிருந்து கூட்டி வந்தபோது, நம் பழைய கார் தெருமுனையிலிருந்தே ஊளையிட்டது. “புது எண்ணெய், பழகினா சரியாகும்” என்றீர்கள்.

நீங்கள் தூங்கும்போது நானே ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கிளட்சை மிதித்தால் ஊளை அடங்குகிறது. விட்டால் மறுபடி கேட்கிறது.

பல் டாக்டரிடம் அவளை பஸ்ஸில் கூட்டிப் போங்கள். கார் சாவி என் பையில் இருக்கிறது, தேட வேண்டாம். சாப்பாடு மேசையில் இருக்கிறது. சண்டை நமக்குள்தான், அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுங்கள்.

எண்ணெய் மாற்றியபோது நீங்கள் வடித்த பழைய எண்ணெய் பின்கட்டில் பேசினில் இருக்கிறது. இன்ஜின் எண்ணெய் என்றால் தார் மாதிரி கறுத்திருக்கும். இது தேன் நிறத்தில் இருக்கிறது.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். “உன் தம்பி கை வச்சா வண்டி உருப்படாது” என்றீர்களே, அந்த மெக்கானிக் தம்பிக்குத்தான் போன் செய்தேன். உங்களைக் கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். ஊளையையும் எண்ணெயின் நிறத்தையும் மறுபடி சொல்லச் சொன்னான்.

“அக்கா, மாமா இன்ஜின்னு நினைச்சு கியர்பாக்ஸை வடிச்சிட்டாரு. எண்ணெய் இல்லாம ஓட்டினா கியர் இறுகி சக்கரம் அப்படியே நின்னுடும். நேத்து பாப்பாவை வச்சுக்கிட்டு மலை இறங்கி எப்படிக்கா வந்து சேர்ந்தாரு?”