ஒளித்து வைத்த பார்சல்

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம்தானே? இங்கே வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

பாப்பா உன் வீட்டில் தங்கிப் படிக்க வந்து ஐந்து மாதம். போன் செய்தால், "சித்தி வாங்குற நட்ஸ் பார் சூப்பர்மா, வயிறு ஒண்ணுமே பண்ணல" என்பதுதான் பேச்சு. ஆறு வயதில் டாக்டர் சீலியாக், குளூட்டன் அவள் குடலுக்கு ஆகாது என்று சொன்ன நாளிலிருந்து, அது இருக்கும் கோதுமையோ பார்லியோ ஒரு துகள்கூட அவள் வாயில் படாமல் பார்த்துக்கொண்டவள் நான். பதின்மூன்று வருடம். நீ ஐந்தே மாதத்தில் நல்ல பேரைத் தட்டிக்கொண்டு போகிறாய்.

சின்ன வயதிலிருந்து அவள் சாப்பிடும் அதே பச்சை உறை பார், இருபத்துநாலு அனுப்பினேன். மூன்று வாரம் ஆகிறது. அவள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. மறைத்துவிட்டாயா? நேராகவே கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

ஆமாம், மறைத்தேன். அலமாரி மேல்தட்டில், போர்வைக்குப் பின்னால்.

உறை அதே பச்சைதான். முன்னால் 'கோதுமை இல்லாதது' என்று கொட்டை எழுத்து. பழைய 'குளூட்டன் இல்லை' முத்திரையைக் காணோம். பின்னால் பொடி எழுத்தில் பார்லி மால்ட். கம்பெனிக்கே போன் செய்தேன். "போன டிசம்பர்லயே மாத்திட்டோம் மேடம்" என்றார்கள்.

அவளுக்கு உன்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடக் கூடாதென்று மறைத்தேன் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பார்லி என்று படித்ததும், பயத்துக்கு முன்னால் சந்தோஷம் வந்தது அக்கா. அக்காவும் தப்பு பண்ணுவாள் என்று. "சித்தி, பசிக்குது" என்று பையை வீசிவிட்டு அவள் உள்ளே வரும்போதெல்லாம் எனக்கு உன்மேல் பொறாமைதான். படிப்பு முடிந்தால் அவள் உன்னிடம் வந்துவிடுவாள். எனக்கு யார் இருக்கிறார்கள்?

தங்கை

மார்ச் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கடைக்கு ஓடினேன். பாரைத் திருப்பிப் பார்த்தேன். பார்லி இருந்தது. அங்கேயே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். உன்னை ஜெயிக்கும் அவசரத்தில் பின்பக்கம் பார்க்கவில்லை, பாவி.

பாப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சிரிக்கிறாள்.

"அட போம்மா! போர்வை எடுக்கப் போனப்பவே பார்த்துட்டேன். பின்னாடி படிச்சேன், அப்படியே வெச்சுட்டேன். சித்தி உனக்காகத்தான மறைச்சாங்க, நான் ஏன் வாயத் திறக்கணும்? சித்தி வாங்குறதையும் படிச்சுட்டுத்தான் சாப்பிடுறேன். ஒரு தடவ அதுலயும் பார்லி இருந்துச்சு, ரெண்டு பாரைக் குப்பைல போட்டேன், அவங்ககிட்ட சொல்லிடாத."

சொல்லிவிட்டேன்.

நாம் இருவரும் யார் கையால் அவள் சாப்பிடுகிறாள் என்று சண்டை போட்டோம். அவள் தன் கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். ஆனால் அவள் சிரிப்பு உன் சிரிப்பு மாதிரியே ஆகிவிட்டது. அது இன்னும் குத்துகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

இந்த ஐந்து மாதக் கடிதங்களில் அவள் சாப்பாட்டைத் தவிர உன்னிடம் நான் எதையுமே கேட்டதில்லை. லீவுக்கு அவளைத் தனியாக அனுப்பாதே. நீயும் வா. பத்து நாள் இரு.

உன் அக்கா