பங்குனியில் விழுந்த தண்ணீர்

இன்று காலை கொடியில் இரண்டு ஈரத் துண்டுகள் தொங்கின. கல்யாணமாகி மூன்று மாதமான தம்பி பேரனும் அவன் பெண்டாட்டியும் விடிந்ததும் விடியாததுமாக மோட்டார் சைக்கிளில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள். கொடிக்குக் கீழே குனிந்து போனபோது அந்த வாசனை முகத்தில் அடித்தது. பாசியும் மலைத் தழையும் கலந்த அருவி வாசனை. அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள். என்னோடு நாலு வருஷம் குடித்தனம் செய்தவளை நினைத்துத்தான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? நீ போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்களுக்கு நீ கூடத்துச் சுவரில் ஒரு படம்.

அருவிக்கு வாசனை உண்டென்று எனக்குத் தெரிய வைத்தவளே நீதான். சாரல் மாதங்களில் நாங்கள் நண்பர்கள் நாலு பேர் நாள் தவறாமல் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். தலையில் எண்ணெய், கழுத்தில் துண்டு. பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் எங்களில் மூத்தவர், எப்போதும் முன்னால் மிதிப்பவர். தென்காசியிலிருந்து மூன்று மைலும் வாய் ஓயாது. தோள் கடுக்க அருவியில் நின்றுவிட்டு, உடம்பில் ஆவி பறக்க உளுந்துவடையும் சுக்குக் காப்பியும். கிடைத்தால் நாலு மங்குஸ்தான் பழம். வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிக்கொண்டு தாலுகா ஆபீஸில் என் நாற்காலிக்குப் போய்விடுவேன். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதுமில்லை.

நீ வாசலுக்கு வந்து என் ஈரத் துண்டை வாங்குவாய். பிழிவதற்கு முன் ஒரு தரம் முகர்ந்து பார்ப்பாய். பிழிந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, "நேத்து மலையில பெருமழ போல. தண்ணி கலங்கலா விழுது, என்ன?" என்பாய். சரியாக இருக்கும். அருவிக்கு மூன்று மைலில் வாழ்க்கைப்பட்டு, துண்டைப் பிழிந்து அருவியைத் தெரிந்துகொண்டவள் நீ. அதை நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு தரம் குடும்பத்தோடு போனோம், இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு மாட்டு வண்டி, புளியோதரைத் தூக்குச்சட்டி, அம்மா, அத்தைமார், அவர்கள் பிள்ளைகள். பெண்கள் பக்கத்தில் எல்லாருடைய துணிமணிக்கும் நகைக்கும் நீதான் காவல். கடைசி ஆளாக நீ போய்த் தலையைக் காட்டுவதற்குள், நேரமாயிற்று, வண்டியைக் கட்டு என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவன் கத்துவான். அந்த அவசரக்காரன் நான்தான்.

"ஒரு தடவ நாம ரெண்டு பேரு மட்டும் போயிட்டு வருவமா? பஸ்ஸுல போயி பஸ்ஸுல வந்துரலாம். ஒரு நாளாவது அவசரமில்லாம குளிக்கணும்," என்று முதல் சாரலிலேயே கேட்டாய். அடுத்த சாரலுக்கு ஆகட்டும் என்றேன். மறு வருஷமும் அதையே சொன்னேன். காரணத்தைச் சொன்னதில்லை. எங்கள் நாலு பேரில் ஒருவன் பெண்டாட்டியை டூரிங் டாக்கீஸுக்குக் கூட்டிப்போனதற்கு, முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறவன் என்று ஒரு மாதம் அவனைப் பாடாய்ப்படுத்தினோம். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவன் நான். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடுமே என்ற பயம்தான், வேறு ஒன்றுமில்லை. இப்படியே நாலு சாரல் போனது.

அப்புறம் ஒரு பங்குனியில் எனக்கு மகா யோசனை ஒன்று வந்தது. வெயில் காலத்தில் குற்றாலத்துக்கு எவன் போகப்போகிறான்? தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. சாமி கும்பிட்டு, அப்படியே குளித்துவிட்டு வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் உன்னைவிட்டுப் பத்தடி தள்ளி நின்றேன். பஸ்ஸில் நீ முன்னால், நான் பின்னால். மாற்றுச் சேலையையும் சீயக்காய்ப் பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு நீ திரும்பித் திரும்பிப் பார்த்தாய்.

பாறை காய்ந்து கறுத்துக் கிடந்தது. ஓர் ஓரத்தில் நூல் மாதிரி தண்ணீர் வழிந்தது. குரங்குகளைத் தவிர ஓர் ஆளில்லை. தண்ணீர் இருக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கூட்டிப்போனேன். நீ பாறையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாய். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாய், வாய்விட்டு. வீட்டில் முந்தானைக்குள்ளேயே சிரித்துப் பழகியவள். "இங்கன யாருமே இல்ல. சத்தமாப் பேசலாம் போல," என்றாய். அந்த நூல் தண்ணீரைக் கை நிறையப் பிடித்து என் தலையில் ஊற்றினாய். பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுரண்டைச் சந்தைக்குப் போன கதையெல்லாம் சொன்னாய். நாலு வருஷத்தில் நாம் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. "இது போதும்," என்றாய். மடையன், நான் அதை நம்பினேன்.

புறப்படும்போது கோயில் பக்கத்துக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டாய். என் துண்டையும் பிடுங்கி நனைத்தாய். "எதுக்குட்டி?" என்று கேட்டேன். "வெயிலா இருக்குல்லா," என்றாய். வீட்டுக்கு வந்ததும்தான் விளங்கியது. "பங்குனியில போயி என்னத்தக் குளிச்சிய?" என்று அம்மா வாசலிலேயே கேட்டாள். நீ ஈரக் கூந்தலை உதறிக்கொண்டு, "மேல கோட மழ பெஞ்சிருக்கு போல அத்தே. நல்லா விழுது. மூச்சு முட்டிப்போச்சு," என்றாய். கண்கூட இமைக்கவில்லை.

செய்தி கடைத்தெரு வரை போய்விட்டது. மறுநாளே அண்ணாச்சி மற்ற இருவரையும் கிளப்பிக்கொண்டு குற்றாலத்துக்கு மிதித்துப் போய், காய்ந்த தலையோடு நம் வாசலில் வந்து நின்றார். "ஏலே, தண்ணி எங்கலே? மூணு பேரும் பாறையப் பாத்துட்டு வாரோம்!" கதவுக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "நேத்து விழுந்துச்சு அண்ணாச்சி. நீங்க வாரியன்னு தெரிஞ்சு நின்னுட்டு போல." அவர் வயிறு குலுங்கச் சிரித்து, "தங்கச்சி யோகக்காரிதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ அது என்மேல் விழாமல் நீ பார்த்துக்கொண்டாய். அதற்காக உன்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா? இல்லை. சாரல் வரட்டும், ஊர் பார்க்க உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

வைகாசிக் கடைசியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்றார் டாக்டர். இருபது நாள் கிடந்தாய். "சாரல் வந்துட்டா?" என்று தினமும் கேட்பாய். இன்னும் இல்லை என்பேன். நீ போன மறுநாள் வந்தது. பாவி மழை, இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் அதற்கு என்ன குறைந்துவிடும்?

உன் அஸ்தியைக் கரைக்கக் குற்றாலத்துக்குத்தான் கொண்டுபோனோம். வில்வண்டியில் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நண்பர்கள் மூவரும் சைக்கிளில் ஏறாமல், மூன்று மைலும் உருட்டிக்கொண்டே கூட வந்தார்கள். பட்டப்பகல். கடைத்தெரு வழியாகப் போனோம். தெரிந்த முகம் அத்தனையும் எழுந்து நின்று நம்மைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

அருவி இரைந்துகொண்டிருந்தது. கீழே ஆற்றில் இறங்கி உன்னைக் கரைத்தேன். கலயம் காலியான பிறகும் எனக்குக் கரையேறத் தோன்றவில்லை. அண்ணாச்சி வேட்டி நனைய இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

"அழாதலே. பங்குனியில அன்னைக்கு ஒரு நாளாவது அந்தப் புள்ள ஆசதீரக் குளிச்சுட்டால்லா. நீ கூட்டிட்டுப் போனியே, அது போதும்லே."

"ஆமா அண்ணாச்சி," என்றேன்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று அருவியில் தண்ணீரே இல்லை என்று அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொன்னதில்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது எனக்கு மட்டும்.